பால்குடிக்கு ஒரு பங்கு

செவந்திக்குப் பால் வற்றிவிட்டது. மூன்றாவது வருஷமாக மழை இல்லை, பானையில் தானியம் இல்லை. வெறும் புளித்தண்ணீரைக் குடித்துக் கிடப்பவளுக்குப் பால் எங்கிருந்து வரும்? கைப்பிள்ளை வற்றிய மாரைச் சப்பிச் சப்பி அழுதது. சருகுமான் கறியை வேகவைத்துச் சாறு குடித்தால் பால் ஊறும் என்று ஊரில் யாரோ சொன்னார்கள். அவள் புருஷன் கருப்பன் அதையே பிடித்துக்கொண்டான்.

சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது, குச்சிக் கால். சமஸ்தானம் இருந்தவரை குன்றாண்டார்கோவில் பக்கத்துக் காட்டில் காலடியிலேயே ஓடும். சமஸ்தானம் போனதும் ஆளாளுக்குக் காட்டை வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். இப்போது ஒன்றைப் பார்த்தவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

மழை கேட்டு ஊரே வேட்டைக்குப் போனது. வெறுங்கையோடு திரும்பினால் மழை வராதாம். எது விழுந்தாலும் வீட்டுக்கு ஒரு பங்கு. பால்குடிப் பிள்ளைக்குத் தனிப் பங்கு. புள்ளிமான் விழுந்த காலத்தில் நல்ல வழக்கம்தான்.

கருப்பன் கட்டிய வலையில் சருகுமான் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. பங்கு வைத்தால் அவனுக்குப் புளியங்கொட்டை அளவு வரும். ரத்தம் சிந்தினால் நாய்கள் மோப்பம் பிடிக்கும் என்று கொல்லாமல் விட்டான். காலைக் கொடியால் கட்டி, பாறை இடுக்கில் வைத்து, சருகை அள்ளி மூடினான். பொழுது சாய்ந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

உச்சிப்பொழுது தாண்டியும் வேறெதுவும் சிக்கவில்லை. வேட்டையை நடத்திய ஊர்த் தலைவர், அம்பலம் அடைக்கலத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"சருகுல தீய வைங்கடா. இருக்கது வெளிய வரட்டும்."

"வேணாங்க," என்றான் கருப்பன். "காத்து அடிக்குது."

"அடிச்சாத்தானப்பா வெரசா ஓடியாரும்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பங்கு வைத்துவிடுவார்கள். பாவி, யோசித்துக்கொண்டே நின்றான். தீ பாறைப் பக்கம் திரும்பிய பிறகுதான் ஓடினான். கை வெந்ததுதான் மிச்சம். இழுத்துப் போட்டபோது மானுக்கு உயிர் இல்லை. காலில் கொடி கருகி ஒட்டியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

அங்கேயே பங்கு வைத்தார்கள்.

"களவாண்டவனுக்குப் பங்கு கெடையாது," என்றார் அடைக்கலம். எல்லாருக்கும் கொடுத்து முடித்ததும் கறி வைத்த ஒரு இலையை அவன் பக்கம் தள்ளினார். "இது ஒனக்கில்ல. ஒம் பிள்ளைக்கு."

புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. அதற்கப்புறம் அந்தக் காட்டில் சருகுமானை யாரும் பார்க்கவில்லை. மழையும் வரவில்லை.

செவந்தி அந்தக் கறித்துண்டை வாங்கிக்கொண்டாள். அதை வேகவைத்து, சாற்றைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டாள். கருப்பன் வெந்த கையைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ஆசையாகச் சப்பியது.

கொஞ்ச நேரம்தான். மறுபடியும் அழத் தொடங்கியது.