நீர்மாலைக்கு ஓடைத் தண்ணீர்

தெருக்குழாயடியில் வைத்த பித்தளைக் குடத்தைச் சின்ராசு மறுபடியும் தூக்கிக்கொண்டான்.

“ஓடைக்குப் போவோம் பெரியப்பா.”

இறந்துபோன அவன் அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க வந்த கூட்டம் அது. தலைக்கு மேல் வேட்டியை நாலு பேர் விரித்துப் பிடித்திருந்தார்கள். கொட்டுக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

“ஓடையா? நம்ம போடி டவுனுச் சாக்கடை பூரா அதுலதான்டா போகுது,” என்றார் காசிமாயன் பெரியப்பா. “வெயில் ஏறிருச்சு. வெரசா குழாயில புடி.”

அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு வருடமாகச் சின்ராசும் இதே பேச்சைத்தான் அம்மாவிடம் பேசினான். முப்பது வருடம் மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் களை எடுத்த அம்மா சந்திரவல்லி, முட்டிவலியால் மலைக்குப் போவதை விட்ட பிறகாவது சும்மா இருந்தாளா? ஓடைக்கரையில் ஞாயிறுதோறும் நாட்டுச்செடி நடுகிற பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டாள். ஏலச்செடியைத் தவிர எல்லாமே களை என்று பழகிய கை, முதல் நாளே அவர்கள் நட்ட வெட்டிவேரில் ஒரு வரிசையைச் சுத்தமாகப் பிடுங்கிப் போட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் அவளே புதுக் கன்றுகளை வாங்கி அந்த வரிசையை நட்டாள்.

“ஒரு தடவ வந்து பாருடா. தண்ணி எப்பிடித் தெளிஞ்சு ஓடுதுன்னு,” என்பாள்.

“ஜீப்புல தோட்டத்துக்கு ஆள் ஏத்தணும்மா,” என்று அவன் கிளம்பிவிடுவான்.

அம்மாவோடு செடி நட்ட சுகன்யா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். “பாலத்துக்கு மேக்க ஊத்து இருக்குண்ணே. அங்க சாக்கடை சேரல. குப்பைய அள்ளுனப்ப அம்மாதான் கண்டுபிடிச்சாங்க.”

பெரியப்பா முனகிக்கொண்டேதான் வந்தார். கரையில் இறங்கும்போது சுகன்யா, “பாத்து, செடிய மிதிச்சிராதீங்க,” என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியப்பா தன் வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு செடியாகத் தாண்டி வந்தார்.

சின்ராசு அவசரமாகத் தண்ணீரில் கால் வைத்தான். சேறு கிளம்பி ஊற்று முழுக்கக் கலங்கிவிட்டது.

“பரவால்ல, மோந்துக்கடா,” என்றார் பெரியப்பா.

குடத்தைச் சாய்த்தவன் நிறுத்திக்கொண்டான். அம்மா தோட்ட வேலைக்குப் போன காலத்தில் அவளை விடியலில் ஜீப்பில் ஏற்றிப்போனவன் அவன்தான். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் ஹாரனை அடித்து, “வெரசா வாம்மா,” என்று கத்துவான். ஒரு நாளாவது அவளுக்காகப் பேசாமல் காத்திருந்தோமா என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“தெளியட்டும் பெரியப்பா.”

பெரியப்பா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கொட்டுக்காரரைக் கல்லில் உட்காரச் சொன்னார். வேட்டி பிடித்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள்.

“தெளிஞ்சிருச்சா?” என்று கேட்டார் பெரியப்பா.

“இன்னும் கொஞ்சம்.”

யாரும் அவசரப்படுத்தவில்லை. வெட்டிவேர்ப் புதர் ஓரமாகச் சேறு மெல்ல அடங்கியது. முதலில் தண்ணீருக்குள் அவனுடைய கால் கட்டைவிரல் தெரிந்தது. அவன் காலை அசைக்காமல் நின்றான்.