இரண்டு லாரி களிமண்

எங்கள் கிணறு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. காம்பவுண்டு சுவர் அதன் நடுவே ஏறிப் போகிறது. இந்தப் பக்கத்துப் பாதி எங்களுக்கு, அந்தப் பக்கத்துப் பாதி அடுத்த வீட்டுக் கங்காதரனுக்கு. சென்னீர்குப்பத்தில் மனை பிரித்துக் கொடுத்தவர்கள் கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆளுக்கொரு ராட்டினம், ஆளுக்கொரு கயிறு. தண்ணீர் மட்டும் கீழே ஒன்றாகக் கிடந்தது.

தெருவில் மற்ற வீடுகளில் போர்வெல் போட்டு உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, எங்கள் கிணறு மட்டும் இனித்தது. துவரம் பருப்பு இரண்டே விசிலில் குழைந்துவிடும். காலையில் தண்ணீர் சேந்தும்போதே கங்காதரன் மனைவி தாட்சாயிணியும் நானும் சுவருக்கு இருபுறமும் நின்று ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்த்துவிடுவோம். அந்தக் கிணறு இல்லாவிட்டால் எனக்குச் சமையலும் ஓடாது, பொழுதும் ஓடாது.

போன மழைக்காலத்தில் வாசலில் தேங்கிய தண்ணீர் என் வீட்டுக்காரர் ஜேசுராஜின் பைக் சைலன்சருக்குள் புகுந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவருக்குத் தன் பைக்கைத் தானே தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவது மானப் பிரச்சினை. வாசலை மேடாக்கியே தீருவதென்று அன்றே சபதம் எடுத்தார். நெடுஞ்சாலைப் பக்கம் யாரோ கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த மண்ணை இரண்டு லாரி எங்கள் வாசலில் கொட்ட வைத்தார். சாம்பலும் நீலமுமாக ஒரு களிமண். கால் வைத்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும், கால் மட்டும் திரும்பி வரும்.

"இன்னாங்க இது, மண்ணா அல்வாவா?" என்றேன்.

"சும்மா கெடச்சுது ஹில்டா. மழ வரட்டும் பாரு, தண்ணி நம்ம ஊட்டப் பாத்து பயந்துகினு ஓடும்."

"எங்க ஓடும்?"

"அது தண்ணியோட தலவலி" என்று சொல்லிவிட்டு, கண்ணால் கங்காதரன் வீட்டைக் காட்டினார்.

கங்காதரனின் தாத்தா காலம்வரை அந்தக் குடும்பம் இதே இடத்தில் நெல் விதைத்தது. கங்காதரனோ பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறார். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவருக்கு அக்கறை இல்லை. சுவருக்கு மேல் தலையை நீட்டி எங்கள் வாசலைப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஊட்ட மலை மேல கட்டப் போறியா?"

"இல்ல அண்ணாத்தே, சும்மா கொஞ்சம் ஏத்திக்கினேன்."

அடுத்த வாரமே கங்காதரன் வாசலில், பள்ளத்தை மேடாக்கப் போடுகிற சவுடு மண் வந்து இறங்கியது. அதோடு விட்டாரா? தண்ணீர் தெளித்து, குட்டி ரோலர் விட்டு, ரோடு மாதிரி இறுக்கிவிட்டார். எங்களைவிட ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாணை எட்டிப் பிடிக்க ஜேசுராஜ் ஞாயிறு பூசையிலிருந்து வந்ததும் வராததுமாக மண்வெட்டியைத் தூக்கினார். தாட்சாயிணியும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போது எங்கள் புத்தியும் அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாசலிலும் ஒரு சொட்டு நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, தெருவையே கால்வாயாக்கிவிட்டு எங்கேயோ போனது. வீட்டுக்காரர்கள் இருவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரவர் வாசலில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள்.

நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்த கிணறு இந்த மழையில் ஏறியிருக்கும் என்று நம்பி, மழை விட்ட மறுநாள் காலையில் வாளியை விட்டேன். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வாளி தரையில் மோதி கரகரவென்று உரசியது. சுவருக்கு அந்தப் பக்கமும் அதே சத்தம் கேட்டது.

"அக்கா" என்றாள் தாட்சாயிணி. குரலே மாறியிருந்தது. "சித்திர வெயில்ல கூட இப்டி ஆனதில்லையே."

வருடா வருடம் ஐப்பசியில் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறி வரும் தண்ணீர் இது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் முருங்கை மரத்தடிக்குப் போய் ஓங்கிக் குத்தினேன். மேலே களிமண் சொதசொதவென்று ஊறிப்போயிருந்தது. அதைப் பெயர்த்தால், அடியில் எங்கள் பழைய செம்மணல். விரலை விட்டுப் பார்த்தேன். மாவு மாதிரி காய்ந்து கிடந்தது. வாரம் முழுக்கப் பெய்த மழையில் ஒரு சொட்டுகூட அதற்குப் போய்ச் சேரவில்லை. மண்புழுக்கள் போட்ட ஓட்டைகள் எல்லாம் வாய் திறந்தபடி வறண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே என் புருஷனைத் திட்டினேன், சிரித்த என்னையும் சேர்த்துத் திட்டினேன். தெரு முழுக்க சிமென்ட். மழை உள்ளே இறங்க மிச்சமிருந்தது எங்கள் இரண்டு வாசல்தான். அதையும் மூடிவிட்டு நின்றோம்.

அன்றைக்கு இரண்டு வீட்டிலும் போர்வெல் வீடுகளில் இரவல் வாங்கிய உப்புத் தண்ணீரில்தான் சாம்பார். குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்தது, பருப்பு அசையவில்லை. அப்படியே ஊற்றினேன்.

ஜேசுராஜ் ஒரு வாய் மென்றார். "இன்னா ஹில்டா, பல்லுல கல்லு மாட்டுது?"

"கல்லு இல்ல, பருப்பு. எழுந்து வாங்க, காட்றேன்."

முருங்கையடிக் குழிக்குள் கையை விட்டார். புழுதியை அள்ளிப் பார்த்தார், அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். எழுந்து போய் மண்வெட்டியை எடுத்து வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கங்காதரனும் கடப்பாரையால் சவுடை இடிப்பது கேட்டது. ணங் ணங்கென்று சத்தம்தான் வந்தது, மண் பெயரவில்லை. அவர் தன் ரோலரையே கெட்ட வார்த்தையில் திட்டினார்.

களிமண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏரியில் கிடந்தால் கோடை வரைக்கும் தண்ணீரை மடியில் வைத்துக் காக்கிற மண் அது. எங்கள் வாசலில் அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான். அதைச் சுரண்டி, வீட்டுப் படி ஓரமாக ஒரு கரை கட்டினோம். தண்ணீர் வீட்டுக்குள் வராமல் அது காவல் நிற்கும். பழைய மணல் மறுபடி வெயிலைப் பார்த்தது. கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, மழைத் தண்ணீர் இறங்க ஒரு குழி எடுத்து, செங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பினோம், அழுக்கை அது பிடித்துக்கொள்ளட்டும் என்று. கங்காதரன் மூன்று நாள் வேனை நிறுத்திவிட்டுத் தன் சவுடோடு சண்டை போட்டார்.

அடுத்த மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. வாசலில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர், குமிழி விட்டுக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே போனது. பைக் தெருமுனையில் நனைந்துகொண்டிருந்தது, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திடீரென்று வாசலில் கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். தெருவின் மேட்டிலிருந்து வருகிற தண்ணீரை, எங்கள் கேட்டுக்கு வருவதற்கு முன்பே மண்வெட்டியால் சவுடை அள்ளிக் குறுக்கே வரப்பு போட்டுத் தன் வாசலுக்குத் திருப்பிவிட்டிருந்தார் கங்காதரன்.

"அண்ணாத்தே, இன்னா அநியாயம் இது! நம்ம தண்ணிய வழிலயே மடக்கிக்கினே?" என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்துகொண்டு கத்தினார்.

"தண்ணி மேல உன் பேரு எழுதிக் கீதா நைனா? மொதல்ல என் மண்ணு குடிக்கட்டும்!"

"என் மண்ணு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

அவர் வரப்பை இவர் வெட்டினார், இவர் வெட்டியதை அவர் அடைத்தார். குடை பிடித்துக்கொண்டு தாட்சாயிணி என் பக்கத்தில் வந்து நின்றாள். யார் வாசலில் இறங்கினாலும் ஒரே கிணற்றுக்குத்தானே போகிறது என்று அவர்களிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வுடுக்கா, சொல்லாத. சண்ட போட்டுக்கினே இருக்கட்டும். கெணறு ரொம்பட்டும்."