இன்னிக்கு இல்ல

எங்கள் பழைய சமூகசேவை அலுவலகம் இருந்த மாடியில் இப்போது யாரோ உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. நாங்கள் சம்பளத்துக்கு வியர்த்துக் கொட்டிய அதே அறையில் இன்று ஜனங்கள் கட்டணம் கட்டி வியர்க்கிறார்கள்.

ஒரே அறை, நாலு மேசை, ஒரு ஸ்டாண்ட் ஃபேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை, மனநலத்துக்கு ஒன்று, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, குடிக்கு ஒன்று. குடி மேசை என்னுடையது. வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள், குடி மேடம் இருக்காங்களா என்று. சிறை மேசைக்காரரை ஜெயிலர் என்போம். பூனையைக்கூட அதட்டத் தெரியாத மனிதர். மனநல மேசைக்காரி எல்லோருடைய மனத்தையும் அமைதிப்படுத்திவிட்டு வந்து எங்களிடம் கத்துவாள். பள்ளிக்கூட மேசை அக்கா எல்லோருக்கும் மூத்தவர், ஃபேனை எப்படியாவது தன் பக்கம் திருப்பிவிடுவார். அந்த ஃபேனுக்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இப்போது என் வீட்டில் அறைக்கு ஒரு ஃபேன் ஓடுகிறது. சண்டை போடத்தான் ஆள் இல்லை.

அந்த வேலையில் ஒரு கூத்து உண்டு. ஒரே குடும்பம் நாலு மேசைக்கும் வந்து சேரும். ரேடியோவின் குடும்பம் அப்படி வந்ததுதான். ரேடியோ என்பது நாங்கள் வைத்த பெயர். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், வாய் ஓயாது. குடித்துவிட்டு ஒரு கடைக் கண்ணாடியையும், தடுக்க வந்தவரின் கையையும் உடைத்துச் சிறைக்குப் போனார். ஜெயிலர் அவரைப் பார்க்கப் போனார். வெளியே மனைவி தூக்கம் கெட்டு, யாரையும் அடையாளம் தெரியாத நிலைக்குப் போய் மருத்துவமனையில் சேர்ந்தார். மனநல மேசைக்காரி அங்கே ஓடினாள். மகள் வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அக்காவுக்குத் தகவல் வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நீதிமன்ற உத்தரவோடு அவளை விடுதியில் சேர்த்தார்கள். சிறையிலிருந்து வந்த ரேடியோ கடைசியாக என் மேசைக்கு வந்தார்.

என் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. 'விட்டுட்டேன்' என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே கடை வாசலில் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குடியைப் பற்றி யார் கேட்டாலும் "இன்னிக்கு இல்ல" என்றுதான் சொல்ல வேண்டும், இன்று குடிக்கவில்லை என்று அர்த்தம். நாளைக்கு எப்படி என்றால் "நாளைக்கு கேளுங்க". ரேடியோ இதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் சில்லறை கேட்டாலும் இன்னிக்கு இல்ல என்றுதான் சொல்வார் என்று ஜெயிலர் கேலி பண்ணுவார்.

ஒவ்வொரு நாளாக அப்படியே ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டார். ஒழுங்காக வேலைக்குப் போனார். சின்ன வீடு ஒன்று பிடித்து, ஓர் அறைக்கு மகள் கேட்ட மஞ்சள் நிறத்தை அடித்துவைத்தார். மனைவிக்கு உடம்பு தேறியிருந்தது. ஆனால் அண்ணன் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், பிள்ளை அப்பாவிடம் போகட்டும் என்று சொல்லிவிட்டார். நீதிமன்றம் சம்மதித்தால் மகள் வீட்டுக்கு வருவாள். இல்லையென்றால் படிப்பு முடியும்வரை விடுதிதான்.

விசாரணையன்று அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு நாலு பேரும் போனோம். பிள்ளைகள் விவகாரம் என்பதால் கூண்டெல்லாம் கிடையாது, ஒரு நீள மேசையும் நாற்காலிகளும்தான். ரேடியோ நகத்திடுக்குப் பெயின்டை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு வந்திருந்தார். அறை முழுக்க அந்த நெடி. மகள் அக்காவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதி அம்மா பொறுமைசாலி. வேலை என்ன, வீடு எங்கே, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். ரேடியோ ஜன்னல் கம்பிக்கு எத்தனை கோட்டிங் அடித்தார் என்பதுவரை போய்விட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எல்லாம் சரி. குடிய விட்டுட்டீங்களா?"

"இன்னிக்கு இல்லம்மா."

"இன்னிக்கு இல்லன்னா வேற எப்ப?"

"நாளைக்கு கேளுங்கம்மா."

எதிரே இருந்த வக்கீல் சிரித்தே விட்டார். ஜெயிலர் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் எழுந்து விளக்கப் பார்த்தேன். கேட்கும்போது பேசினால் போதும் என்று நீதிபதி உட்காரவைத்தார். ரேடியோவோ பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்த பெருமையில் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அந்த மனிதரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

நீதிபதி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் வாழ்க்கை சம்பந்தப்பட்ட விஷயம், இனிமேல் தொடமாட்டேன் என்று அவர் வாயால் சொன்னால்தான் மேற்கொண்டு யோசிக்க முடியும் என்றார். விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை, எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவையும் எடுத்தார். அப்போதுதான் ரேடியோவுக்குக் காரியம் கெட்டுப்போகிறது என்று உறைத்தது. சொல்லித் தொலையுங்கள் என்று நானே மனதுக்குள் கெஞ்சினேன், இத்தனை வருடம் நான் தடைபோட்ட அதே சொல்லை. அவர் மகளைப் பார்த்தார்.

"அத மட்டும் என்னால சொல்ல முடியாதும்மா."

நீதிபதி பேனாவை மூடினார். உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மகளிடம் கேட்டார், ஒரு கடமைக்குக் கேட்பதுபோலத்தான். அவள் எழுந்து நின்றாள்.

"விட்டுட்டேன்னு அப்பா எங்கிட்ட நிறைய தடவ சொல்லியிருக்காரு. இப்பவும் அதையே சொல்லியிருந்தா, நான் இவரோட போக சம்மதிச்சிருக்க மாட்டேன்."

வக்கீல் காகிதங்களைப் புரட்டுவதை நிறுத்தினார். மனநல மேசைக்காரி என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள். நீதிபதி அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். என்னிடம் எந்த விளக்கமும் கேட்கவில்லை. வாசலில் நின்ற ஊழியரைக் கூப்பிட்டு, விடுதியில் இருக்கும் அவளுடைய துணிமணிகளை எடுத்துவர ஆள் அனுப்பச் சொன்னார்.