ஆயாவுக்குக் காவல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் வருமாறு: தலைப்பக்கத்து நாற்காலியில் மாமனார், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். அவருக்கு வலப்பக்கம் மாமியார், வலிக்கும் முட்டியை இன்னொரு நாற்காலியில் நீட்டியபடி. இடப்பக்கம் நாத்தனார், சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு இந்தப் பஞ்சாயத்துக்கென்றே வந்தவள். ஜன்னலோர ஸ்டூலில் கணவன், லிஃப்ட் மெக்கானிக். பேச்சு முற்றினால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவ வசதியான இடம். வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், குடையை மடியில் கிடத்திக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் தேடிப்பிடித்துக் கூட்டிவந்த ஆயா. மேஜைக்கு அடியில், ஒவ்வொருவர் கால் கட்டைவிரலாகப் பிடித்து இழுத்தபடி, அன்றைய பேச்சுக்கே காரணமான உருண்டை. வயது ஒன்று தாண்டியிருந்தது. அவனைப் பெற்றவளுக்கு, அந்த வீட்டு மருமகளுக்கு, நாற்காலி மிஞ்சவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் விளிம்பு தீட்டுபவள். மயிரிழை பிசகினாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது. உட்கார்ந்தாலும் விரிசல் விடும். பிரசவ விடுப்பும் அதற்குமேல் கெஞ்சி வாங்கிய விடுப்பும் முடிந்துகொண்டிருந்தன. முதலாளி கறாரான மனிதர். வாயால் சொன்னது செல்லாது, வருகிறேன் என்று கையெழுத்துப் போட்ட கடிதம் வரும் சனிக்கிழமைக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் அவளுடைய இயந்திரத்தில் தன் மச்சான் மகன் உட்காருவான் என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் இப்போதே அவள் ஸ்டூலின் உயரத்தைத் தனக்குத் தோதாக மாற்றிவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகும் கடிதம் எதுவானாலும் மாமனார்தான் எழுதுவார். எல்லோர் முன்னும் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார். எல்லாத் தலையும் ஆடிய பிறகுதான் உறையை ஒட்டுவார். குழாயில் தண்ணீர் வராத புகாருக்கும் அதே மரியாதைதான்.

அவளுக்குப் பிடித்தது இரண்டு தெரு தள்ளியிருந்த குழந்தைகள் காப்பகம். போய்ப் பார்த்தபோது அங்கிருந்த பெண் எதையும் மூடி மறைக்கவில்லை. "கடிப்பாங்க, கடி வாங்குவாங்க. யாரு பல்லு, எந்தக் கைன்னு சாயங்காலம் சொல்லிடுவோம்" என்றாள். அந்தப் பேச்சிலேயே அவளுக்கு மனசு ஒட்டிவிட்டது. அங்கேயே இடம் சொல்லிவைத்தாள். வீட்டிலோ, "மூக்கொழுகற கூட்டத்துல என் பேரனையா?" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டார். வேலை பிழைத்தால் போதும் என்று, ஆயாவுக்கு இவளும் தலையாட்டிவிட்டாள்.

இப்போது நாத்தனார் ஆயாவுக்கு விதிமுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தரையில விடக்கூடாது. தூங்கும்போது பக்கத்தைவிட்டு நகரக்கூடாது. போன் பேசக்கூடாது. டிவி கூடவே கூடாது."

"பாத்ரூம் போகலாமாம்மா?" என்று ஆயா கேட்டாள்.

மேஜைக்கு அடியிலிருந்து உருண்டை மட்டும் சிரித்தான்.

"பாத்தீங்களா, வாய!" என்று நாத்தனார் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அதனாலதான் சொல்றேன். ஆயாவ நம்பி வீட்டை விட்டுட்டுப் போக முடியாது. பக்கத்துல ஒரு ஆள் இருந்து கவனிக்கணும்."

"நான் இந்த முட்டிய வச்சுக்கிட்டு யாரு பின்னாடி ஓடுவேன்?" என்றார் மாமியார். "பெத்தவதான் இருக்கணும்."

"யாரு, நானா?" என்றாள் மருமகள்.

"வேற யாரு? ஒரே ஒரு வருஷம். ஆயா குழந்தையப் பாத்துப்பா, நீ ஆயாவப் பாத்துக்க."

மாமனார் அதற்குள் கடிதத்தை எழுதி முடித்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "பெருமதிப்பிற்குரிய ஐயா, குடும்பச் சூழ்நிலை காரணமாக மேலும் ஓராண்டுக்கு ஊதியமில்லா விடுப்பு அளிக்குமாறு தங்களைப் பணிவன்புடன்..."

மாமியார் தலை ஆடியது. நாத்தனார் தலை ஆடியது. கணவன் தலை குனிந்து போனைத் தடவினான். அதையும் ஆட்டலாகவே எடுத்துக்கொண்டு மாமனார் பேனாவை நீட்டினார்.

"கையெழுத்து போடும்மா."

அவள் நிலையைவிட்டு நகர்ந்து வந்தாள். பேனாவை வாங்கினாள். கடிதத்தை வாங்கவில்லை.

"மாமா, நான் வேலைக்குப் போறதுக்குத்தானே ஆயா?"

"ஆமா."

"அந்த ஆயாவுக்குக் காவலிருக்க நான் வேலைய விடணும். அப்படித்தானே?"

மாமனார் கடிதத்தை மறுபடி மேலிருந்து பார்த்தார். தலைமை எழுத்தராக இருந்த காலத்தில்கூட இப்படி ஒரு கோப்பு அவர் மேஜைக்கு வந்ததில்லை போலிருந்தது.

"நல்ல கதையா இருக்கே! குழந்தையைவிட உனக்குக் கண்ணாடி பெருசா?" என்று நாத்தனார் பாய்ந்தாள்.

"அண்ணி, குழந்தையும் என்னுது, கண்ணாடியும் என்னுது. எது பெருசுன்னு அளந்து பாக்க நான் உங்ககிட்ட கேக்கல."

"அப்போ அவனை அந்தக் காப்பகப் பட்டியில அடைக்கப் போறியா?"

"அடைக்கல, சேக்கறேன். கடி வாங்குவான். திருப்பிக் கடிப்பான். எல்லார் கண்ணுக்கும் முன்னாடி வளருவான். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. சமாதானத்துக்காக ஒருதரம் தலையாட்டினேன். இனி ஆட்டமாட்டேன்."

"ஊர் என்ன சொல்லும்?" என்றார் மாமியார்.

"சொல்லட்டும் அத்தை. ஊருக்குக் கண்ணு சரியில்லன்னா கடைக்கு அனுப்பிவிடுங்க, நானே தீட்டித் தரேன்."

ஆயா குடையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

மாமனார் மகனைப் பார்த்தார். "ஏண்டா, நீ எந்தப் பக்கம்?"

கணவன் போனைப் பார்த்தான். அது பாழாய்ப்போக அடிக்கவே இல்லை. மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணில் கெஞ்சல் எதுவும் இல்லை. போகிற வண்டியில் ஏறுகிறாயா இல்லையா என்று கேட்கிற பார்வைதான் இருந்தது. அவன் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து மகனை வாரி எடுத்துத் தோளில் போட்டான்.

"காலையில கொண்டுபோய் விடற பக்கம்ப்பா" என்றான்.

"போச்சுடா!" என்று நாத்தனார் நாற்காலியில் சாய்ந்தாள்.

மேஜையில் இடம் கேட்காமல், சமையலறை மேடையில் தாளை விரித்து அவள் எழுதினாள். பணிவன்பு எதுவும் இல்லை. "ஐயா, வரும் முதல் தேதி காலை வேலைக்கு வருகிறேன். என் இயந்திரம் எனக்கு வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு வேறு இயந்திரம் பார்க்கவும். என் ஸ்டூலைப் பழைய உயரத்துக்கு இறக்கிவைக்கச் சொல்லவும்." கீழே கையெழுத்தை அழுத்திப் போட்டாள், தாளின் மறுபக்கம் தடவினால் கையில் நெருடியது.

"வாசிச்சுக் காட்டும்மா, பிழை திருத்தணும்" என்று மாமனார் கூடத்திலிருந்து கையை நீட்டினார். குரலில் கோபத்தைவிடப் பதற்றம்தான் அதிகம்.

"பிழை இருந்தா என் பிழையாவே இருக்கட்டும் மாமா."

உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, எல்லோரும் பார்க்க, மேடையில் வைத்து உள்ளங்கையால் அறைந்து ஒட்டினாள்.

அவள் செருப்பை மாட்டும்போது ஆயாவும் எழுந்துகொண்டாள். தெருவில் இறங்கியதும், "என் ஒரு நாள் போச்சே கண்ணு" என்றாள் கடுகடுப்பாக.

"தப்புதான்க்கா. முதல்லயே வாயத் திறந்திருக்கணும்."

"திறந்தியே. அந்த வீட்டுல என் ஒரு வருஷம் போகாம காப்பாத்தினியே. அதுக்கு இது பரவால்ல." ஆயா குடையை விரித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.

முனையில் தபால் பெட்டி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டு ஜன்னலில் நாத்தனார் முகம் தெரிந்தது. அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று மருமகள் கடிதத்தை ஒருமுறை உயரத் தூக்கிக் காட்டி, பெட்டியின் வாயில் திணித்து, உள்ளே விழும்வரை தள்ளினாள்.