வேலியோரத்துப் புகை

வில்மாவின் மகள் கொரினுக்கு சனிக்கிழமை கல்யாணம். ஒஹாயோவில் அவர்கள் வீட்டுத் தோட்டத்திலேயே வைப்பதாக ஏற்பாடு. ஆனால் பின்வேலி முழுக்க பாய்சன் ஐவி என்ற விஷக்கொடி ஏறிக் கிடந்தது. மும்மூன்றாக இலை, மயிர் முளைத்த தண்டு. மேலே பட்டால் தோல் கொப்பளித்துவிடும். விருந்தாளிகளை அதன் பக்கத்தில் எப்படி உட்கார வைப்பது?

அதைப் பிடுங்க புதன்கிழமை காலையில் வில்மாவின் தம்பி டெல் வந்தான். வில்மா நீட்டிய கையுறையை அவன் வாங்கவில்லை.

"இது என்னை ஒண்ணும் பண்ணாதுக்கா. சின்ன வயசுல இதுக்குள்ளதானே புரண்டோம்? நீதான் பூசணிக்கா மாதிரி வீங்கிட்டு நின்ன."

"வாயாடாம போட்டுக்க. பிடுங்கினதெல்லாம் பையில கட்டு, குப்பைக்கு அனுப்பிடலாம். கொளுத்தி மட்டும் தொலைச்சிடாத. அதோட புகையும் விஷம்."

"சரிங்க டாக்டரம்மா."

மதியத்துக்குள் பைகள் தீர்ந்துபோயின. வாங்கிவரக் கடைக்குப் போனாள் வில்மா. திரும்பி வந்து காரை விட்டு இறங்கும்போதே புகை நாற்றம். பையைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். குவிந்த கொடிகளுக்கு டெல் நெருப்பு வைத்திருந்தான். தோட்டத்து மறுகோடியில் ஏணி மேல் நின்று, மேப்பிள் மரத்தில் சரவிளக்கு கட்டிக்கொண்டிருந்தாள் கொரின்.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க!"

"காத்து அந்தப் பக்கம்தானே அடிக்குது, ஏன் பதறுற..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் காற்று திரும்பியது. மஞ்சள் புகை மொத்தமும் மரத்தை நோக்கிப் போனது. ஏணி மேல் இருமல் கேட்டது. டெல் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினான். அதைக் கொரினின் முகத்தில் சுற்றி, அவளைத் தோளில் போட்டு இறக்கி, வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்தான். அதற்குள் வேலிப் பலகையில் தீ பிடித்துவிட்டது. வில்மா தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ கிட்ட வராத! உனக்கு ஆகாது, போ உள்ள!"

குழாயை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவனே புகைக்குள் போனான். தீ அடங்கி அவன் வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. கொரினை உடனே குளிக்க வைத்தாள் வில்மா. டெல்லையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இருமிக்கொண்டே அவன் சோபாவில் படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் எழுப்பப் போனவள் கத்திவிட்டாள். முகம் அடையாளமே தெரியவில்லை. கண் மூடிப்போயிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் விசில் அடித்தது. பேச வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

அவனைக் காரில் தள்ளி, மருத்துவமனைக்கு வண்டியை விரட்டினாள். பாதி வழியில் ரயில்வே கேட் விழுந்தது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக ஊர்ந்துகொண்டே இருந்தது, வால் கண்ணுக்கு எட்டவில்லை. டெல் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"மூச்சை விட்டுறாதடா. டெல், கேக்குதா? இழு, இழு..."

காத்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டுபோவோம் என்று பட்டது. ரயிலுக்கு இந்தப் பக்கத்திலேயே தீயணைப்பு நிலையம் இருந்தது. காரைத் திருப்பி அதன் வாசலில் ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் ஊசி போட்டார், இன்னொருவர் ஆக்ஸிஜன் மாட்டினார். அவர்கள் வண்டியில் ஏற்றும்போதும் ரயில் போய்க்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் அவன் தொண்டையில் விட்டிருந்த சுவாசக் குழாயை எடுத்தார்கள். திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளே போனாள் வில்மா.

"கொரின்?" என்றான் அவன். காற்றாகத்தான் வந்தது.

"கையில நாலு கொப்புளம். அவ்வளவுதான்."

அவன் அழுதான். வீங்கிய கண்ணிலிருந்து நீர் இறங்க இடமில்லாமல் தேங்கி நின்றது. அவள் துடைத்துவிட்டாள்.

கொரின் கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டாள். "மாமா இல்லாம எனக்கென்ன அவசரம்?" என்றாள். மாப்பிள்ளை வீட்டாரும் சரியென்றார்கள். ஜூன் கடைசியில் தேவாலயக் கூடத்தில் நடந்தது. டெல் உரிந்த மூக்கோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். வேலியோரத்தில் மறுபடியும் மும்மூன்றாக இலை விட்டிருந்தது.