மணியனின் பதினோரு வரிசை அகத்தி

கதை எழுதிப் பழகாத கை இது. வெற்றிலைக் கொடிக்காலில் பாடுபட்டவர்கள் படிக்க நேர்ந்தால், பிழைகளைப் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். உண்மையில் பொறுத்தருளக் கேட்க வேண்டியவர் தமிழரசுதான். அவர் ஐந்து நாள் பிந்திக் கேட்டார்.

மோகனூருக்கு மேற்கே தமிழரசுவும் மணியனும் அடுத்தடுத்த கொடிக்கால்காரர்கள். வெற்றிலைக் கொடி தானாக நிற்காது. முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, அதன்மேல்தான் கொடியைக் கட்டி ஏற்றுவார்கள். கொடிக்கு அகத்தியே தோள், அகத்தியே குடை. பங்குனி வெயிலில் அந்தக் குடையை யாரும் கழிக்கமாட்டார்கள்.

கண்புரை அறுவைக்காகச் சேலம் புறப்பட்டபோது மணியன் தமிழரசுவிடம், "சாமி, தண்ணி மட்டும் கட்டியுடு. அகத்தியில கை வெச்சராத" என்று சொல்லிவிட்டே பேருந்து ஏறினார்.

அடுத்து வந்த அமாவாசை, தமிழரசுவின் தாயாருக்கு முதல் திதி. பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்தாக வேண்டும். தம் அகத்தியைக் கழித்தால் தம் கொடி வாடுமே என்று அஞ்சிய அதே மனம், மணியனின் வரிசையில் ஒரு கட்டு ஒடித்தால் தெரியவா போகிறது என்றது. ஒடித்துக்கொண்டிருக்கையில் பக்கத்து வீட்டு ஆத்தாயி வந்து நின்றாள்.

"ஏஞ்சாமி, உங்கம்மாளுக்கு மட்டுந்தான் பசுவு வாயத் தொறக்குமா? எங்கூட்டுக்காரருக்கும் ஒரு கட்டுக் குடு."

அவளைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். அமாவாசையன்று பசுவுக்கென்று கேட்பவரிடம் இல்லையென்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. உச்சிப்பொழுதுக்குள் பதினோரு வரிசையும் மொட்டையாகிவிட்டன.

மூன்றாம் நாள் மணியன் கறுப்புக் கண்ணாடியுடன் வரப்பில் வந்து நின்றார்.

"ஏஞ்சாமி, தோட்டமே பளபளங்குது! புதுக் கண்ணுக்கு எல்லாம் வெளிச்சமாத் தெரியும்னு டாக்டரு சொன்னாரு. நெசந்தானாட்ட இருக்குது."

தமிழரசு தலையாட்டினார். "ஆமாங்கண்ணா. புதுக் கண்ணு அப்படித்தானுங்க."

"ஊட்டுக்காரியே செவப்பாத்தான் தெரியறா, போ!" என்று சிரித்தபடி மணியன் திரும்பிப் போனார்.

தென்னங்கீற்றைப் போட்டு மூடினால் கொடி பிழைக்கும். மூடினால் குட்டு வெளிப்படும். தமிழரசு மூடவில்லை. அதற்குப் பதிலாக இருவேளையும் தண்ணீர் கட்டினார். இலைகள் ஓரம் பழுத்து, பின் கருகின. சோற்றில் கை வைத்தால் அம்மாவின் முகமன்று, மணியனின் சிரிப்பே முன்வந்து நின்றது.

ஐந்தாம் நாள் மணியனின் வீட்டுக்கே போய், நடந்ததனைத்தையும் சொல்லிவிட்டார். மணியன் உடனே கொடிக்காலுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றி, ஓர் இலையைக் கசக்கினார். அது அப்பளமாய் நொறுங்கியது.

"முந்தாநேத்தே சொல்லியிருந்தீன்னா கீத்துப் போட்டிருப்பனே. நான் எங்கண்ணையல்லவா சந்தேகப்பட்டேன்!"

"தப்புத்தானுங்கண்ணா. பொறுத்துக்கோங்க."

"அத்தன கட்டு ஒடிச்சியே, எங்கப்பம் பேரச் சொல்லி ஒண்ணாச்சும் பசுவுக்குக் குடுத்தியா?"

கொடுக்கவில்லை. அன்று மாலை இருவரும் கீற்றுப் போட்டார்கள்.

அமாவாசை தொட்டு மூன்று நாளில் கருகிய கொடிகள் நூற்று நாற்பது. 'ஆமாங்கண்ணா' என்ற பிறகு கருகியவை முந்நூற்று அறுபது. பிழைத்தது ஒரே வரிசை, ஐம்பது கொடிகள். தமிழரசுவை மணியன் 'சாமி' என்று அழைக்கும் வழக்கமும் போயிற்று.