பிழை எதுவும் காணப்படவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மழுப்புவதாக நீங்கள் நினைக்கக் கூடாது. சுவரில் குத்திக்கொண்ட ஓர் இரும்புத் துண்டிலிருந்து வந்தது. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். கீழே பட்டறையில், கிம்-தோவான் அண்ணனின் தலை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, மாட்டியிருக்கும் நாட்காட்டியைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. போன வியாழக்கிழமை அது பறந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

பயத்தை எழுதிவிட்டால் குறையும் என்பார்கள். சொன்னவர்கள் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் சான்சோங் என்கிற ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், கிம்-தோவான் அண்ணனின் பட்டறைக்கு மேல்மாடியில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். காலையில் கீழே போய் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். மத்தியானம் மாடியில் உட்கார்ந்து தமிழில் கதை எழுதுவேன். இன்று ஞாயிறு. கீழே பட்டறைக் கணினியில் மெமரிச் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் அண்ணன் இயந்திரத்தை ஓட்டுவதாக இருக்கிறார். அதற்குள் இதை முடித்துவிட வேண்டும், அல்லது முடிக்காமலே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். எது என்று இன்னும் தெரியவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘அந்த வியாழக்கிழமை காலை, கிம்-தோவான் வழக்கம்போல் பாக்கை மென்றபடி இயந்திரத்தின் முன்னால் —’

வேண்டாம். ‘வழக்கம்போல்’ என்று பார்த்ததுமே, இந்த ஆளுக்கு என்னமோ நடக்கப்போகிறது என்று நீங்கள் உஷாராகிவிடுவீர்கள். அவருக்கு ஒன்றும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் நான் எழுதுகிறேன்.

இரண்டாம் முயற்சி:

‘கணினியின் மெமரி என்பது —’

பாடப்புத்தகம். ஆனால் இதைச் சொல்லாமல் தாண்டவும் முடியாது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டறையில் உலோகத்தைக் குடையும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. வெட்டும் கருவி எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைக் கணினி எண்களாகக் கணக்குப் போட்டு வரிவரியாக அதற்கு அனுப்பும். அனுப்பும் முன் அந்த எண்கள் கணினியின் மெமரியில், அதாவது ரேமில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். வைத்த எண் வைத்தபடி இருந்தால் பிரச்சினை இல்லை. வியாழனன்று ஏதோ ஓர் எண் மாறிவிட்டது. மேலே எழும்ப வேண்டிய கருவி பக்கவாட்டில் பாய்ந்து, இரும்புப் பிடியில் மோதி, உடைந்து, பறந்தது.

அதே வேலையை மறுபடி ஓட்டினோம், எல்லோரும் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு. வெண்ணெய் மாதிரி ஓடியது. எனக்கு நிஜமாகப் பயம் வந்தது அப்போதுதான். எப்போதும் தப்பு செய்கிற இயந்திரத்தை ஒதுக்கிவிடலாம். எப்போதாவது செய்வதை என்ன செய்வது?

3

கிம்-தோவானுக்கு அறுபது தாண்டிவிட்டது. எங்கள் சந்து முழுக்க இரும்புப் பட்டறைகள். அந்த வயதில் பத்து விரலும் முழுதாக வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். கல்யாண விருந்துகளில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் கோப்பையைத் தொடுவார். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மிச்சமிருக்கும் விரல்களால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. இயந்திரம் ஓடும்போது குனிந்து காதை அதன் பக்கத்தில் கொடுப்பார். இயந்திரத்தின் தடுப்புக் கதவை எப்போதோ கழற்றிக் கொல்லையில் போட்டுவிட்டார்.

“அந்தக் கதவ மாட்டுங்கண்ணே” என்று வியாழக்கிழமையே கெஞ்சினேன்.

“கதவு இருந்தா சத்தம் மாறிடும் டீச்சர்.”* எழுதுகிற ஆட்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான். “சத்தம் தப்பாப் போச்சுன்னாத்தானே நான் செவப்பு பட்டன அமுக்கி நிறுத்த முடியும்?”

“தலை இருந்தாத்தான் சத்தம் கேக்கும்” என்றார் அவர் மனைவி யூ-ச்சாய் அக்கா, சோற்றுப் பெட்டிகளைப் பிரித்து வைத்தபடி. “கெழட்டுக் கொரங்கு. சொன்னாக் கேக்குதா பாரு.”

“அந்தக் கொரங்கைத்தான் முப்பத்தஞ்சு வருஷமா கட்டிக்கிட்டு அழுவுற.”

“அழுவுறது நானு. மரத்துல ஏறி நிக்குறது நீ.”

* அவர்கள் பேசுவது தமிழ் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அக்கா திட்டும்போது எனக்குள் தமிழில்தான் விழுகிறது. 

[நீங்கள் கேட்கக்கூடியவை: வேறு கணினி வாங்கக் கூடாதா? பட்டறையின் மென்பொருள் இந்த மதர்போர்டோடு கட்டிப்போடப்பட்டது. போர்டை மாற்றினால் திறக்காது, திறந்துவிடச் சொல்லிக் கேட்கலாம் என்றால் அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. உலோகம் வைக்காமல் வெறுங்காற்றில் ஓட்டிப் பார்க்கக் கூடாதா? பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கணினி புதிதாகத்தான் எண்களை அனுப்புகிறது. போன தடவை ஒழுங்காக அனுப்பியது என்பது அடுத்த தடவைக்குச் சாட்சி இல்லை. இன்னும் கேளுங்கள். நீங்கள் கேட்கக் கேட்க நேரம் போகும், எனக்கும் அதுதான் வேண்டும்.]

4

லிங்-யுன் வெள்ளிக்கிழமை வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கணினிச் சந்தையில் கடை வைத்திருப்பவள். இந்தக் கணினியைக் கட்டிக் கொடுத்ததே அவள்தான். முதலில் ரேமை மாற்றிப் பார்த்தாள். புதிதிலும் மெமரிச் சோதனையில் பிழை வந்தது. பிறகு கணினியை அணைத்து, மறுபடி எழுப்பி, அது முழுதாக விழிக்கும் முன் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்து மதர்போர்டின் செட்டிங்ஸுக்குள் போனாள். திரை முழுக்க எண்கள். ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

“இத நான்தான் போட்டேன்” என்றாள்.

ரேமின் மேல் ஒரு வேகம் எழுதி ஒட்டியிருப்பார்கள். சும்மா விட்டால் போர்டு அதைவிட மெதுவாகத்தான் ஓட்டும். ஒட்டியிருக்கிற வேகத்துக்கே ஓட்டு என்று ஒரு செட்டிங் உண்டு. கணினி ஆமை மாதிரி இருக்கிறது என்று போன வருடம் அண்ணன் புலம்பியபோது அவள் அதைப் போட்டுவிட்டாள். அந்த வேகம் தாங்காத போர்டில் எண்கள் புரளும்.

“சந்தையில எல்லாருக்கும் போடுறதுதான் மாமா. எல்லாருக்கும் ஓடுது.”

“எனக்கும் ஒரு வருஷம் ஓடுச்சே” என்றார் அவர்.

கணினிப் பெட்டியின் தலையில் கையை வைத்தவள் சூடு தாங்காமல் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அங்கே ஒரு பச்சைப் பொட்டலம் படுத்திருந்தது. இங்கே எந்த இயந்திரத்தின் மேலும் அது இருக்கும். தேங்காய் வாசனை அடிக்கும் பொரித் தீனி; பெயருக்கு ‘சமத்தாக இரு’ என்று அர்த்தம். பச்சை நிறம்தான் வைக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. வைத்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். அக்கா அதைச் சரியாக, சூடான காற்று வெளியேறும் ஓட்டைகளின் மேலேயே வைத்திருந்தார்.

“அத்தை, சமத்தா இருன்னு சொல்லி மூக்கப் பொத்தி வச்சிருக்கீங்க.”

“எனக்கு எது மூக்கு எது முதுகுன்னு தெரியுமா?” என்றார் அக்கா. “எங்க தட்டையா இருந்துச்சோ அங்க வச்சேன்.”

5

மறுநாள் லிங்-யுன் பொட்டலத்தை எடுத்ததும், ஆகா, கதை கிடைத்துவிட்டது என்று மாடிக்கு ஓடிவந்தேன். எழுதினேன்:

‘பொட்டலத்தை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்ததும் பெட்டி குளிர்ந்தது. காக்க வைத்ததே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்து எல்லோரும் —’

இது சனிக்கிழமை எழுதிய முடிவு. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் நீதி, பத்திரிகைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். சூடுதான் காரணம் என்று நம்பி, வேகத்தைத் தொடாமல் ஓட்டிய முதல் சுற்றுச் சோதனையில் பிழையும் வரவில்லை. ‘எல்லோரும்’ என்கிற சொல்லில் நிற்கும்போது கீழேயிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி.

“பொட்டலத்த எடுத்தீங்கள்ல. இப்பப் பாருங்க” என்றார் அக்கா.

“அது இருந்தப்பத்தானே அத்தை வியாழக்கெழம ஒடஞ்சுது.”

“ஒடஞ்சுது. ஆளு தப்பிச்சாருல்ல? யாரு காப்பாத்துனான்னு நெனைக்கிற?”



6

லிங்-யுன் பற்றி எனக்குச் சந்தேகம். ஆளைப் பற்றி இல்லை, நான் எழுதிய பாத்திரத்தைப் பற்றி. முதல் பிரதியில் அவளைத் திமிர் பிடித்தவளாக எழுதியிருந்தேன்: சூயிங்கம், அலட்சியப் பார்வை, ‘எல்லாம் சரியாப் போச்சு’ என்கிற பேச்சு. அப்படி எழுதினால் பழியைப் போட ஓர் ஆள் கிடைத்துவிடும். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. உண்மையில் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்ததும் அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலை வந்து வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாள். ரேமுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு துளி கூட்டினாள். சேமித்தாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போய், சேமித்தது சேமித்தபடி இருக்கிறதா என்று பார்த்தாள்.

“மொத தடவ நானே பக்கத்துல நிக்கிறேன் மாமா” என்றாள்.

“ஒனக்கு அந்தச் சத்தம் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப என்னத்துக்கு நிக்கிற? வேடிக்கை பாக்கவா?”

அந்தச் சோதனை என்ன செய்கிறது என்றால், சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் எதையாவது போட்டு மூடி, திரும்பத் திறந்து, போட்டது இருக்கிறதா என்று பார்க்கிறது. பிழை வந்தால், பிழை உண்டு என்று சத்தியம் பண்ணலாம். வராவிட்டால், இதுவரை வரவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். எத்தனை முறை திறந்து பார்த்தாலும் இந்த ‘இதுவரை’ நம்மை விட்டுப் போகாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். ஆனால் சுவரில் துண்டு குத்தி நிற்கிறதே, அதை நான் என்ன செய்ய?

7

முடிவுகள், கைவசம் இருப்பவை:

அ. அண்ணன் ஓட்டுகிறார். ஒன்றும் ஆகவில்லை. அக்கா திட்டுகிறார். நாங்கள் நால்வரும் சாப்பிடுகிறோம். (நான் கேட்பது இவ்வளவுதான். இதை ஏன் யாரும் கதை என்று ஒத்துக்கொள்வதில்லை?)

ஆ. அண்ணன் ஓட்டவில்லை. பட்டறையை மூடிவிட்டு ஆற்றங்கரையில் நடக்கிறார். (நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் அந்த மனிதர் ஒரு வாரம் தாங்க மாட்டார்.)

இ. அண்ணன் குனிந்து காதைக் கொடுக்கிறார். கருவி மேலே எழும்ப வேண்டிய இடத்தில்

இதை எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிடும் என்கிற மூடநம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் எழுத மாட்டேன். பச்சைப் பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான்.

8

கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தேன்.

சோதனை முடிந்துவிட்டது. திரை பச்சையாக இருக்கிறது. மூன்று பேரும் அதன் முன்னால் நின்றார்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருந்ததால் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்லுது டீச்சர்?”

“பிழை எதுவும் காணப்படவில்லைன்னு சொல்லுதுண்ணே.”

அவர் லிங்-யுன்னைப் பார்த்தார். “அப்ப ஓட்டலாமா?”

“சாஃப்ட்வேர் அப்படிச் சொல்லுது மாமா” என்றாள் அவள். “நான் சொல்லல.”

அக்காவைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தார். “நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுல நான் எப்படிப் படுத்து எந்திரிக்கிறது? டீச்சரக் கேளு.”

அவர் கையுறையைக் கழற்றினார். கருவி சுழலும் இடத்தில் கையுறை ஆகாது. உலோகக் கட்டியை ஏற்கெனவே பிடியில் பூட்டியிருந்தார். பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்.

“சரி, அது சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. பயந்திருந்தார். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. யாராவது ஒருவர் ‘சரி’ என்று சொன்னால் ஓட்டிவிடுவார், ‘வேண்டாம்’ என்றால் கையை எடுத்துவிடுவார். மூன்று பேரிடம் கேட்டுவிட்டார், மூன்று பேரும் நழுவிவிட்டோம். நான் எப்படி நழுவினேன் தெரியுமா? “ஒரு நிமிஷம்ணே, மேல அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டேன். வேகத்தை இறக்கியாயிற்று, மின்சாரத்தைக் கூட்டியாயிற்று, பெட்டி குளிர்ந்திருக்கிறது, சோதனை சுத்தமாக வந்திருக்கிறது. கதவு இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது, அவர் காதைக் கொடுக்கத்தான் போகிறார். இதற்கு மேல் நானும் உங்களைவிட அதிகம் தெரிந்தவள் இல்லை. சரியா, வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னதாகச் சொல்ல மாட்டேன், நான் சொன்னதாகவே போய்ச் சொல்கிறேன்.

யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மாடிப்படிக்கு அடியில் வந்து நின்று கூப்பிடுகிறார்:

“டீச்சர், பால் பொங்கிடுச்சா? போடவா, வேணாமா?”